முதல் காசு போட்டவர்

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இது பெரிய மாப்பிள்ளையின் கதை. ஆனால் அவரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்துக்குள் சின்ன மாப்பிள்ளை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பெரியவரின் வாழ்நாள் வருத்தமே அதுதான். பாருங்கள், இங்கேயும் வந்துவிட்டார். அவரைக் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்திவிட்டு நாம் பெரியவரைக் கவனிப்போம்.

அவருக்குத் தொழில் தராசு ரிப்பேர். காய்கறிக் கடை, நகைக்கடை, பார்சல் ஆபீஸ், பழைய இரும்புக் கடை என்று எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் அவருக்கு வேலை உண்டு. தோளில் ஒரு பை. பைக்குள் எடைக்கற்கள், திருப்புளி, பழைய பல் துலக்கும் பிரஷ். ஊர் ஊராக பஸ்ஸில் போவார். எடை மெஷினைக் கவிழ்த்துப் போட்டுப் பிரித்து, கரப்பான் பூச்சியை விரட்டி, துடைத்து, கல் வைத்துப் பார்த்து, சரியாகக் காட்டுகிறது என்று தலையாட்டிவிட்டு வருவார். அதனால் அவருக்கு எல்லா ஊரிலும் ஒரே பெயர். முகத்துக்கு நேரே 'தராசு சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'தராசு'.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய வீடியோ கேம் கடைகள். வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடுவதோ போனில் ஆடுவதோ அவருக்குக் கணக்கில் சேராது. ஆள் உயரப் பெட்டி வேண்டும், அதில் காசோ டோக்கனோ போட ஓட்டை வேண்டும், நின்றுகொண்டு ஆட வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆடினேன் என்கிற கதையெல்லாம் அவரிடம் கிடையாது. மீசை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம். ஒரு நாள் பஸ் தவறிப்போய், மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு கேம் கடையாக அமைந்துவிட்டது. விண்கற்களைச் சுடுகிற ஏதோ ஒரு ஆட்டத்துக்கு ஒரு காசு போட்டார். அடுத்த பஸ்ஸும் போனது, அதற்கடுத்த பஸ்ஸும் போனது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி, "தராசு அவ்வளவு பெரிசா?" என்று கேட்டாள்.

அன்று முதல் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு கேம் கடை உயிரோடு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். தேடுவதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. போனில் தேட மாட்டார், டீக்கடையில் விசாரிக்க மாட்டார். நேரே பழைய இரும்புக் கடைக்குப் போவார். எப்படியும் அங்கே எடை மெஷினில் ஏதாவது கோளாறு இருக்கும். அதைச் சரிபார்த்துக்கொண்டே, "கேம் மெஷின் ஏதாவது எடைக்கு வந்துச்சா?" என்று கேட்பார். ஏனென்றால் அந்தப் பெட்டிகளுக்குக் கடைசிப் போக்கிடம் அதுதான். எந்தக் கடை சாகக் கிடக்கிறது, எது இன்னும் மூச்சு விடுகிறது என்பதை இரும்புக் கடைக்காரரைப் போல யாரும் சொல்ல முடியாது. அவர்தானே காத்துக்கொண்டிருக்கிறவர்!

கண்டுபிடித்த கடைகளைப் பற்றி எழுத போனில் ஒரு குழு ஆரம்பித்தார். குழுவின் பெயர் 'காசு போட்டால் ஓடும்'. தராசு மாதிரியே பைத்தியம் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் தராசு ஒரு குறிப்பு எழுதுவார். பெட்டி பழையதா, உள்ளே பிக்சர் டியூப்தானா, இல்லை பழைய பெட்டிக்குள் புது மூளையை வைத்து நூறு ஆட்டம் என்று ஏமாற்றுகிறார்களா, சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று புட்டுப் புட்டு வைப்பார். கடைசியில் ஒரு தீர்ப்பு வரும். சுமாரான கடை என்றால் 'எட்டிப் பார்க்கலாம்'. நல்ல கடை என்றால் 'பஸ் ஏறலாம்'. அதற்கும் மேலே ஒன்று உண்டு: 'லீவு போடலாம்'. அதை எழுத அவருக்கு லேசில் கை வராது. அதை அவர் எழுதிய நாளில் குழுவே அல்லோலகல்லோலப்படும்.

இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். சின்னதுதான், ஆனால் முழுக்க அவருடையது. இப்போது வாசலில் நிற்கிறவரை உள்ளே கூப்பிடலாம்.

சின்ன மாப்பிள்ளை குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். தராசின் மச்சினியைக் கட்டியவர். ஆள் உயரமா, இல்லை. அழகா, அதுவும் சொல்லும்படியாக இல்லை. ஆனால் சிரித்தால் போதும், எதிரே இருப்பவர் காரணமே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார். மாமியார் வீட்டில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை வந்த முதல் நாளே சரிசெய்தார். அன்றிலிருந்து மாமியாருக்கு எதற்கெடுத்தாலும் சின்ன மாப்பிள்ளைதான்.

"சின்ன மாப்பிள்ளை கை பட்டாப் போதும், சொட்டுற குழாய்கூட நின்னுடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

தராசு மட்டும் சும்மா இருந்தாரா? மாமியார் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷின் நெடுநாளாகத் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துப் போட்டு, கல் வைத்து, துல்லியமாகச் சரிசெய்து கொடுத்தார். மாமியார் ஏறி நின்றார், குனிந்து பார்த்தார், முகம் கறுத்தது.

"நல்லாத்தானே இருந்துச்சு பெரிய மாப்பிள்ளை? இப்ப ஏத்திக் காட்டுதே!"

அந்த வீட்டில் தராசுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவருக்கு மறுசோறு கேட்காமலே விழுந்தது, தராசு கேட்டு வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் ஒரு மனிதன் ஞாபகம் வைத்துக்கொள்வானா என்று கேட்காதீர்கள். சகலை என்று ஒருவர் இருப்பவருக்குத் தெரியும்.

போகட்டும், குழாயும் சோறும் தொலையட்டும். தராசு செய்த பெரிய தப்பு, உறவு வளரட்டுமே என்று நல்லெண்ணத்தில் சின்னவரை ஒரு கேம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது. சின்னவர் ஆடத் தெரியாமல் ஆடினார். கார் ஓட்டும் ஆட்டத்தில் காரைத் திருப்பும்போது தானும் திரும்பி, பக்கத்தில் நின்றவர் மேல் விழுந்தார். "ஐயோ, செத்தேன்!" என்று கத்தினார். அதைத் தன் போனில் படம் பிடித்துப் போட்டார். ஆயிரக்கணக்கான பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தராசு அதே கடையைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்த குறிப்புக்குக் கீழே ஒரே ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அந்த ஒருவரும் சின்னவர்தான்.

அதன் பிறகு சின்னவரும் குழாய் விற்கப் போகிற ஊர்களில் கடை கடையாக நுழைந்தார். எந்தக் கடைக்குப் போனாலும் அவருக்கு "அட்டகாசம்!" தான். புது மூளை வைத்த பெட்டியும் அட்டகாசம், ஓடாத பெட்டியும் அட்டகாசம். ஒருமுறை தராசு பேச்சுவாக்கில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரும்புக் குண்டைத் தட்டித் தட்டி ஆடும் பழைய பின்பால் மேஜை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அடுத்த வாரம் போக வேண்டும் என்று சொல்லிவைத்தார். அன்று சாயங்காலமே சின்னவர் அந்த மேஜைக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கும் வீடியோ வந்துவிட்டது. 'சின்னவர் கண்டுபிடித்த பின்பால்' என்று குழுவே கொண்டாடியது. தராசு அடுப்பில்லாமலே வெந்தார்.

"அந்தப் பக்கம் குழாய் டெலிவரி இருந்துச்சுண்ணே, நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, நுழைஞ்சுட்டேன்" என்றார் சின்னவர். கள்ளம் கபடம் இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. திருட்டு முழியாவது முழித்தால் திட்டலாம், இதற்கு என்ன செய்வது?

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 'முதல் காசு' விதி. குழுவில் யார் ஒரு கடையில் முதல் காசு போடுகிறாரோ, அந்தக் கடை அவருடையது. அவர் வாய் திறந்து சொல்லும்வரை வேறு யாரும் அதைப் பற்றி எழுதக் கூடாது, படம் போடக் கூடாது. எழுதி முடித்துவிட்டு தராசு கொஞ்சம் யோசித்தார். மனசு ஆறவில்லை. 'ஆள் கூட்டிக்கொண்டு போகவும் கூடாது' என்று ஒரு வரியைச் சேர்த்தார். எல்லாருக்கும் பொதுவான விதி மாதிரி இருந்தாலும் அது யாருக்காக எழுதியது என்பது அவருக்கும் அவருடைய மனைவிக்கும் தெரியும். போட்ட அடுத்த நிமிஷம் முதல் பதில் சின்னவரிடமிருந்து வந்தது. 'நியாயமான விதி அண்ணே', கூடவே இரண்டு கைகூப்பு. தராசு போனைக் கவிழ்த்து வைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மாடிக் கடை கிடைத்தது.

ஆற்றோரம் ஓர் ஊர். பழைய இரும்புக் கடையில் தரையோடு பதித்த பெரிய எடை மெஷினுக்குள் சேறு போய்விட்டது. அதைத் தோண்டிக்கொண்டே தராசு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இன்னும் வரலை" என்றார் இரும்புக் கடைக்காரர். "ஆனா வரும். டயர் கடைக்கு மேல மாடியில ஒரு அக்கா வெச்சிருக்காங்க. நானும் மாசாமாசம் போய்க் கேட்டுட்டுத்தான் வரேன். துரத்துறாங்க."

தராசு கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. டயர் கடைக்குப் பக்கத்தில் இருட்டான, குறுகலான மாடிப்படி. மேலே போய்க் கதவைத் தள்ளியதும் அப்படியே நின்றுவிட்டார்.

ஜன்னல்களில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. இருட்டில் வரிசையாகப் பெட்டிகள், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வளைந்த கண்ணாடித் திரைகள், அதிலிருந்து வரும் நீலமும் சிவப்பும் தரையில் கலந்து கிடந்தன. சூடேறிய தூசியும் ஈயப் பற்று வாசனையும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு பெட்டியும் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தது, யாரும் யாருக்காகவும் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஜாய்ஸ்டிக் உருண்டைகள் பல கைகள் பிடித்துப் பிடித்துச் சாயம் போயிருந்தன. தராசு ஒரு பெட்டியின் பின்னால் போய்க் காற்றுப் போகும் ஓட்டையில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. உள்ளே உண்மையான டியூப். அடுத்த பெட்டியும் சுட்டது. அதற்கடுத்ததை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தட்டாதீங்க. தேங்காயா அது?" என்று ஒரு குரல் வந்தது.

மூலையில் ஒரு மேஜை. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஈயம் உருக்கி ஒட்டும் பற்றுக்கோலும் கையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அக்கா. ஒரு காலத்தில் டி.வி. ரிப்பேர் பார்த்தவர். சுவரில் மாட்டுகிற டி.வி. வந்ததும், தனக்குத் தெரிந்த வேலை எந்தச் சாமானில் மிச்சம் இருக்கிறதோ அதை வாங்கிப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்க அவரை அக்கா என்றது, தராசும் அப்படியே கூப்பிட்டார்.

"டோக்கன் அந்த டப்பாவுல இருக்கு. தோத்தா பெட்டியை உதைக்கக் கூடாது. ஜெயிச்சாக் கத்தக் கூடாது" என்றார் அக்கா.

தீயணைப்புக்காரர் ஒருவர் ஏணி ஏணியாக ஏறி, ஜன்னலில் நிற்கிறவர்களை இறக்கிக்கொண்டு வரும் ஆட்டம் ஒன்று இருந்தது. தராசு அதில் ஒரு டோக்கனைப் போட்டார். உள்ளே 'டடக்' என்று விழுந்த சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. எவ்வளவு நேரம் ஆடினார் என்று அவருக்கே தெரியாது. இது 'பஸ் ஏறலாம்' இல்லை, 'லீவு போடலாம்' கூடப் போதாது, வேலையையே விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. அவ்வளவு நேரத்தில் கடைக்கு வேறு ஒருவரும் வரவில்லை.

கடையைப் பற்றிக் குழுவில் எழுதப்போகும் விஷயத்தைச் சொன்னதும் அக்கா பற்றுக்கோலைக் கீழே வைத்தார். "எழுதுங்க. சீக்கிரம் எழுதுங்க. கட்டடக்காரர் இந்த மாடியை ஜிம்முக்குக் கேக்குறாரு. கூட்டம் வந்தா உனக்கே விடுறேன், என் கண்ணால பார்க்கணும்னு சொல்லிட்டாரு. ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை இந்தப் படியில ஆள் ஏறினாப் போதும்."

"இந்த வாரமே எழுதிடறேன்க்கா. நான் எழுதினா வருவாங்க" என்று மார்தட்டிவிட்டு வந்தார் தராசு. சொன்னபோது பொய் சொல்லவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகள் வரிசைகட்டி வந்தன. எழுதியும் முடித்தார். அனுப்ப விரலைத் தூக்கியபோது மனக்கண்ணில் அந்த மாடிப்படி தெரிந்தது. அதில் சின்னவர் ஏறிக்கொண்டிருந்தார். விதிப்படி தான் வாய் திறந்துவிட்டால் அப்புறம் கதவு எல்லாருக்கும் திறந்ததுதானே? மறுநாளே போய் நிற்பார். தீயணைப்புக்காரர் ஏணியிலிருந்து விழும்போது தானும் விழுவார். "அட்டகாசம்!" என்பார். அந்த வீடியோ போகிற போக்கில், இரண்டு பக்கக் குறிப்பை எவன் படிப்பான்? அக்காகூடச் சிரிப்பார். தன்னிடம் தேங்காயா என்று கேட்ட அக்கா, அவரைப் பார்த்துச் சிரிப்பார்! அதை நினைத்ததும் தராசு விரலை மடக்கிக்கொண்டார்.

இரண்டாவது முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாவது முறை போய் வந்தபின், நல்ல படம் எடுத்துக்கொண்டு எழுதலாம் என்றார். அப்புறம் சின்னவர் கம்பெனிப் பயிற்சிக்கு வெளியூர் போகப்போவதாகச் செய்தி வந்தது. ஆகா, அவர் போனதும் எழுதலாம் என்று காத்திருந்தார். பயிற்சி தள்ளிப்போனது. தராசும் தள்ளிப்போட்டார். நடுநடுவே அந்த ஊருக்குப் போய் ஆடிவிட்டு மட்டும் வந்தார். யாருக்கும் தெரியாத இடம், சின்னவருக்குத் தெரியாத இடம் என்ற எண்ணமே ஆட்டத்தைவிட ருசியாக இருந்தது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அதென்ன அந்த ஊருல மட்டும் அவ்வளவு தராசு கெட்டுப்போகுது?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னார்.

"எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? பாவம் அந்தப் பொம்பளை."

"எழுதினா உன் தங்கச்சி புருஷன் அடுத்த பஸ்ல போய் நிப்பான்."

"நிக்கட்டுமே! பஸ் என்ன உங்க அப்பா விட்டதா?"

தராசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எடைக்கற்களைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த மாதம் மாமியார் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். சின்னவர் வந்ததும் வீடே கலகலத்தது. ஒரு புதுக் கேம் கடையில் தன் புருஷனின் படத்தைப் பெரிதாகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று மச்சினி போனைக் காட்டினாள். மாமியார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். தராசுக்கும் போனை நீட்டினார்கள். அவர் பார்த்தார், "நல்லா விழுந்திருக்கு" என்றார். படமா, சகலையா என்று சொல்லவில்லை.

கை கழுவுகிற இடத்தில் சின்னவர் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, இப்ப புதுசா ஏதாவது இடம் பார்த்தீங்களா?"

"ஒண்ணும் இல்லையே" என்றார் தராசு, குழாயைப் பார்த்துக்கொண்டே.

"சரிண்ணே" என்றார் சின்னவர். துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சுவர்ப் படம் தராசைத் தூங்க விடவில்லை. புது மூளை வைத்த டப்பாக் கடைக்கெல்லாம் இவன் முகமா? இவனுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும். தன்னிடம் இருப்பது என்ன என்று உலகம் பார்க்க வேண்டும். முதல் முறையாகப் பொறாமை அவரைச் சரியான பக்கம் தள்ளியது. இன்னும் நாலு நல்ல படம், அவ்வளவுதான், நாளைக்கே போய் எடுத்துக்கொண்டு, 'லீவு போடலாம்' என்று போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தார். காலையில் முதல் வேலையாக பஸ் ஏறினார்.

டயர் கடை வாசலில் ஒரு சின்ன வண்டி நின்றது. மாடிப்படியில் பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகளை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தராசு சுவரோடு ஒட்டி வழிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் ஏறினார். ஜன்னல் தாளையெல்லாம் கிழித்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் அவர் வெயிலைப் பார்த்ததே இல்லை. பெட்டிகள் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. ஒரே ஒரு பெட்டி மிச்சம். அதன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார் அக்கா.

"வாங்க தராசு சார்" என்றார். கோபம்கூட இல்லை. "எல்லாம் எடைக்குப் போயிடுச்சு."

"எழுதலாம்னு... இன்னிக்கு எழுதறதாத்தான்..."

"நானும் இன்னிக்கு நாளைக்குன்னு பார்த்துட்டே இருந்தேன். உங்க தம்பிகிட்டக்கூடக் கெஞ்சினேன். அவர் முடியாதுன்னுட்டாரு."

"எந்தத் தம்பி?"

அதற்குப் பதிலாகப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சின்னவர் எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முகமெல்லாம் தூசி. தராசைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"நல்லவேளை வந்தீங்கண்ணே! ஆளுங்க கண்ணாடி தூக்கப் போயிட்டாங்க. ஒரு கை பிடிங்க."

விஷயத்தை அக்காதான் சொன்னார். தராசு முதன்முதல் வந்துபோன கொஞ்ச நாளிலேயே சின்னவர் கீழே டயர் கடைக்கு வந்தபோது மேலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு ஏறி வந்திருக்கிறார். "படம் எடுத்துப் போடுங்க தம்பி, கூட்டம் வரும்னு சொன்னேன். அதுக்குள்ள பேச்சுவாக்குல, தராசு சார்னு ஒருத்தர் எழுதறேன்னு சொல்லியிருக்காருன்னு வாய்விட்டுட்டேன். அவ்வளவுதான், போனை எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டாரு. எங்க அண்ணன் முதல் காசு போட்ட கடை, அவர் சொல்றவரைக்கும் நான் பேசக் கூடாது, ஆளும் கூட்டிட்டு வரக் கூடாதுன்னாரு. தனியா வருவாரு, ஆடுவாரு, போவாரு. உங்க வீட்டு விதி நல்லா இருக்கு சார்!"

கடைசி வாக்கியத்தை மட்டும் அக்கா கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

"இது ஒண்ணை மட்டும் எடைக்குப் போடாம நிறுத்தி வெச்சேண்ணே. நீங்க எப்பவும் இதுலதான் ஆடுவீங்கன்னு அக்கா சொன்னாங்க. உங்க வீட்டுக்குத்தான். அண்ணிகிட்ட கேட்டுட்டேன், பீரோவைத் தள்ளி இடம் பண்ணிட்டாங்க" என்றார் சின்னவர். தீயணைப்புக்காரர் இருந்த பெட்டி. திரை அணைந்து கிடந்தது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பெட்டி எதிர்பார்த்ததைவிடக் கனத்தது. படி குறுகல். சின்னவர் பின்பக்கமாக நடந்து, முதலில் இறங்கினார். தராசு மேலே நின்று பிடித்துக்கொண்டு வந்தார். நடுவில் பெட்டி இருந்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. தராசுக்கு அது நல்லதாகப் போயிற்று.

கீழிருந்து குரல் வந்தது. "ஏண்ணே எழுதலை?"

கையை எடுக்க முடியாது. எடுத்தால் பெட்டி சின்னவர் மேல் விழும். எங்கேயும் ஓட முடியாது. தராசு வாழ்நாளில் முதல் முறையாக மென்று முழுங்காமல் சொன்னார்.

"எழுதினா நீ வந்துடுவேன்னுதான்."

பெட்டி ஒரு படியில் நின்றது.

"நான்தான் வந்துட்டேனேண்ணே! வந்துட்டு வாயை மூடிட்டுத்தானே இருந்தேன்? அன்னிக்கு அத்தை வீட்டுலகூடக் கேட்டுப் பார்த்தேன். நீங்க ஒண்ணும் இல்லைன்னீங்க. சரி, அண்ணன் பெரிசா ஏதோ எழுதி வெச்சிருக்காரு, அவசரப்படுத்தக் கூடாதுன்னு விட்டுட்டேன்." பெட்டியை அடுத்த படிக்கு இறக்கிவிட்டுச் சொன்னார்: "நான் கொஞ்சம் அவசரப்படுத்தியிருக்கணும்ண்ணே. தப்பு என் மேலதான்."

அதில் குத்தல் இருக்கிறதா என்று தராசு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒரு சண்டை போட்டுவிட்டு ஆறுதலாக வீட்டுக்குப் போயிருப்பார். இல்லை. துளிகூட இல்லை. ஊரில் ஒரு நல்ல கடை செத்துப்போகும்வரை இருவர் வாய் மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வயிற்றெரிச்சலில், இன்னொருவர் மரியாதையில். இதில் யார் யார் என்று அந்தப் படியில் நின்றவருக்குத் தெரியாமல் இல்லை. வெட்கத்தில் காது மடல் கொதித்தது.

மாடிப்படியில் சாமான் இறக்கும்போது பாரம் முழுக்கக் கீழே இருப்பவர் மேல்தான் ஏறும். எடையிலேயே பிழைப்பு நடத்துகிற மனிதருக்கு இது தெரியாதா?

"இரு. பக்கம் மாத்திக்கலாம். நான் கீழ வரேன்" என்றார் தராசு.

"வேண்டாம்ண்ணே, நான் பார்த்துக்கறேன். நீங்க மேல லேசாப் பிடிச்சாப் போதும்."

அவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும் தராசின் வயிற்றில் பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. குழாய்க்கு இல்லை, சுவர்ப் படத்துக்கு இல்லை. இப்படி ஒரு மனசு, அதுவும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று எரிந்தது. அவர் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்.